வாசல் கால்வாயும் அமானிதமே

 

எல்லாப் புகழும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹுத்தஆலாவுக்கே. அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

நாம் வியாபாரிகள். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வது எத்தகைய பாவம் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தராசின் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் மறுமையில் கணக்குக் கேட்கப்படும் என்ற அச்சம், அல்ஹம்துலில்லாஹ், நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. ஆயின் கடையின் முன்னே தராசு இருப்பது போலவே, பின்னே ஒரு தண்ணீர்க் குழாயும் இருக்கிறது. வாசலில் ஒரு கால்வாயும் இருக்கிறது. அவற்றுக்கும் கணக்கு உண்டு என்பதை நினைத்துப் பார்க்கிறோமா? இந்த மாதம் நாம் சிந்திக்க வேண்டிய விஷயம் இதுவே.

"மாதந்தவறாமல் தண்ணீர்க் கட்டணம் செலுத்துகிறோமே! காசு கொடுத்து வாங்கிய பொருளை நாம் எப்படிச் செலவிட்டால் என்ன?" என்று கேட்போர் நம்மில் உண்டு. இந்தக் கேள்விக்கு மார்க்கம் தெளிவான பதில் சொல்லியிருக்கிறது. நம் பொருளாகவே இருந்தாலும், உண்ணலாம், பருகலாம், வீண்விரயம் செய்யலாகாது என்று திருமறையின் அஃராஃப் அத்தியாயம் கட்டளையிடுகிறது. விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் கண்டிக்கிறது. உயிருள்ள ஒவ்வொன்றும் தண்ணீரிலிருந்தே ஆக்கப்பட்டது என்று அன்பியா அத்தியாயம் அறிவிக்கிறது. முல்க் அத்தியாயமோ, உங்கள் தண்ணீர் பூமிக்குள் வற்றிப் போய்விட்டால் உங்களுக்கு ஓடும் நீரைக் கொண்டுவருபவர் யார் என்ற பொருள்பட ஒரு கேள்வியைக் கேட்டு முடிகிறது. கட்டணச் சீட்டைக் காட்டி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட நம்மால் முடியுமா?

இந்தச் சிங்கப்பூர்த் தீவின் சரித்திரமே அந்தக் கேள்விக்கு ஒரு விளக்கவுரை எனலாம். இங்கே பெரிய ஆறு இல்லை. மழை மிகுதி, அதைப் பிடித்து வைக்க நிலம் போதாது. ஆதிநாளில் கிணற்று நீரை மாட்டு வண்டியில் ஏற்றி ஊருக்குள் விற்றார்கள். கிரேத்தா ஆயர் என்ற இடப்பெயருக்குத் 'தண்ணீர் வண்டி' என்றே பொருள். 1857ஆம் ஆண்டில் டான் கிம் செங் என்ற சீன வணிகர், நகர மக்களுக்கு நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டுமென்று 13,000 டாலர் நன்கொடை அளித்தார். அந்தப் பணம் சரிவரப் பயன்படாமலே போயிற்று. தாம் விரும்பிய தண்ணீர் வருவதைக் காணாமலேயே அவர் 1864இல் காலமானார். இன்று மெக்ரிச்சி என்று நாம் அழைக்கும் நீர்த்தேக்கம் அதன் பிறகே அமைந்தது. நகரசபை 1882இல் அவர் நினைவாக எழுப்பிய நீரூற்று இன்றும் எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது நமக்கு ஹஸ்ரத் உதுமான் (ரலி) அவர்களின் நினைவு வராமல் இராது. மதீனாவில் ரூமா என்றொரு கிணறு இருந்தது. நல்ல தண்ணீருக்கு மக்கள் அதை நம்பியிருந்தார்கள். தண்ணீர் விலைக்கு விற்கப்பட்டது. அதை வாங்கிப் பொதுவாக்குபவருக்குச் சுவனம் உண்டென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறினார்கள். பெரும் வணிகரான உதுமான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பணத்தில் அதை வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வாங்கியவரின் வாளிக்கும் மற்றவர்களின் வாளிக்கும் அங்கே வேற்றுமை இருக்கலாகாது என்பதே நிபந்தனை. முழு விலையும் கொடுத்தவருக்கே தண்ணீரில் தனிச் சலுகை இல்லையென்றால், மாதக் கட்டணம் மட்டும் கொடுக்கிற நமக்கு விரயம் செய்யும் உரிமை எங்கிருந்து வந்தது?

தண்ணீரின் அருமையை இந்த ஊர் துன்பத்தின் மூலமாகவே கற்றது. 1942 ஜனவரி இறுதியில் ஜோகூர் பாலம் தகர்க்கப்பட்டபோது, அக்கரையிலிருந்து வந்த தண்ணீர்க் குழாயும் துண்டிக்கப்பட்டது. பிப்ரவரியில் குண்டுவீச்சால் நகரக் குழாய்கள் உடைந்து, இருந்த தண்ணீரும் வீதிகளில் வீணாக ஓடியது. பிரிட்டிஷ் படை 15ஆம் தேதி சரணடைந்ததற்கான காரணங்களுள் தண்ணீர்த் தட்டும் ஒன்று. பின்னர் வறட்சியால் 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை, வட்டாரம் வட்டாரமாக முறைவைத்துத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. வாளியும் பீப்பாயும் வைத்துக் காத்திருந்த அந்த நாட்களை நம் குடும்பங்களின் மூத்தோர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

அந்த நெருக்கடியின் நடுவே, 1963 மே முதல் தேதியன்று, பொதுப் பயனீட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றையும் ஏற்று நடத்திய அந்த ஸ்தாபனம், 2001 முதல் மழைநீர்க் கால்வாய்களையும் கழிவுநீர்ப் பாதைகளையும் ஏற்று, நாட்டின் தண்ணீருக்கு முழுப் பொறுப்பாளியாயிற்று. 2003இல் பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் 'புதுநீர்' தந்தது. 2005 முதல் கடல் நீரும் குடிநீராக்கப்படுகிறது. ஜோகூரிலிருந்து வரும் நீருக்கான 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது என்பதை நினைத்தால், இந்த முயற்சிகளின் அவசியம் விளங்கும். கடல்மட்டம் உயர்வதிலிருந்து கரையைக் காக்கும் பொறுப்பும் 2020 முதல் இக்கழகத்திடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது.

இனி நம் வாசலுக்கு வருவோம். சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் டன்லப் வீதியிலும் நம்மவர் கடைகள் உள்ளன. அக்கடைகளின் ஓரத்தில் ஓடும் கால்வாயைச் சாக்கடை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது சாக்கடை அன்று. கழிவுநீர் போகும் பாதை வேறு. அது பூமிக்கடியில் செல்கிறது. திறந்த கால்வாயில் செல்வது மழைநீர். நம் வட்டாரத்து மழைநீர் ரோச்சோர் கால்வாயில் கலந்து, காலாங் முகத்துவாரப் பகுதியைச் சேர்ந்து, மரீனா நீர்த்தேக்கத்தில் தங்குகிறது. 2008இல் திறக்கப்பட்ட மரீனா அணைக்கட்டு கடல் நீரைத் தடுத்து அதை நன்னீர்த் தேக்கமாக்கியது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை அங்கே சேருகிறது. சுத்திகரிக்கப்பட்டபின் அதுவே குழாய் வழியாக வீடுகளுக்கு வருகிறது. அதாவது, நம் கடை வாசலில் ஓடுவது நம் அண்டை வீட்டாரின் குடிநீர். நம் பிள்ளைகளின் குடிநீர்.

நம் கடைகளில் நடப்பதை நாமே ஒளிக்காமல் சொல்லிக்கொள்வோம். இரவு பத்து, பதினொரு மணிக்குக் கடை சாத்தும் நேரம். பகலில் பலகை விளம்பரத்துக்கும் ரசீதுக்கும் அனுமதி பார்க்கும் அதிகாரிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிரியாணிச் சட்டியைப் பின்சந்தில் வைத்துத் தேய்த்துக் கழுவுகிறோம். எண்ணெய் மிதக்கும் அந்த வாளியைக் கழிவுநீர்த் தொட்டிவரை தூக்கிச் செல்ல உடம்பு அலுக்கிறது. அருகில் கால்வாய் இருக்கிறது, ஒரே வீச்சு! அஞ்சடியைக் கழுவுகிறோம் என்று ரப்பர் குழாயைத் திறந்து வைத்துவிட்டுக் கல்லாவை எண்ணப் போகிறோம். நாமும் இதைச் செய்திருக்கிறோம். நம் சிப்பந்திகள் செய்வதைப் பார்த்துப் பேசாமலும் இருந்திருக்கிறோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

கழிவெண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவது அரசாங்கச் சட்டப்படி குற்றம். சாப்பாட்டுக் கடைகளில் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து நிறுத்தும் தொட்டி இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆயின் நாம் இங்கே அபராதத்தைப் பற்றிப் பேச வரவில்லை. அபராதத்துக்கு அஞ்சி நடப்பவன் அதிகாரி கண்ணில் படும்வரை ஒழுங்காக இருப்பான். நள்ளிரவில், பின்சந்தில், கையில் வாளியோடு தனியே நிற்கும்போது ஒருவனைத் தடுப்பது தக்வா ஒன்றே. மக்கள் நீரெடுக்கும் இடத்தையும், நடக்கும் பாதையையும், ஒதுங்கும் நிழலையும் அசுத்தப்படுத்துவது சாபத்துக்குரிய செயல் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. நம் கடைவாசல் கால்வாய் இவற்றுள் முதலாவதில் அடங்கும். அஞ்சடி இரண்டாவதில் அடங்கும்.

உயிருக்கு ஆபத்து என்ற கோணத்திலும் இதைப் பார்க்க வேண்டும். 1978 டிசம்பர் 2ஆம் தேதி ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். 2010 ஜூன் 16ஆம் தேதி ஆர்ச்சர்ட் சாலையில் வெள்ளம் புகுந்து கடைகள் நனைந்தன. கால்வாயின் ஒரு பகுதியைக் குப்பைகூளம் அடைத்துக்கொண்டதை அப்போது கழகம் ஒரு காரணமாகக் கூறியது. மரீனா அணைக்கட்டின் ஒன்பது மதகுகளும் ஏழு பம்புகளும் ஜாலான் புசார் போன்ற தாழ்வான பகுதிகளில் வெள்ளம் தேங்காமல் காக்க அமைக்கப்பட்டவை. ஆனால் நாம் வீசிய அட்டைப்பெட்டியும் நெகிழிப் பையும் வாசலிலேயே கால்வாயை அடைத்துவிட்டால், தொலைவிலுள்ள பம்பு என்ன செய்யும்? வெள்ளத்தில் முதலில் நனைவது நம் கிடங்கிலுள்ள அரிசி மூட்டைதானே!

இவ்விடத்தில் புகாரியில் வரும் ஓர் உவமையை நினைவுகூர்வோம். ஒரு கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் பயணம் செய்கிறார்கள். தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே போய்ப் பிறருக்குத் தொல்லை கொடுப்பானேன், நம் பகுதியிலேயே ஒரு துளை போட்டுக்கொள்வோம் என்று கீழே இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். மற்றவர்கள் அவர்களைத் தடுக்காவிட்டால் எல்லாருமே அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாருமே பிழைப்பார்கள். துளை போட நினைத்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். "இது எங்கள் பங்கு இடம்" என்று எண்ணியதே அவர்கள் தவறு. "இது என் கடை, என் வாசல், நான் கட்டும் கட்டணம்" என்று நாம் எண்ணுவதும் அதே தவறுதான். இந்தத் தீவும் ஒரு கப்பலே. சீனர், மலாய்க்காரர், இந்தியர் அனைவரும் ஒரே குழாய் நீரைப் பருகுகிறோம்.

கடையைப் பேசிவிட்டுப் பள்ளிவாசலை விட்டுவிடலாகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். அது ஏறத்தாழ முக்கால் லிட்டருக்கும் குறைவு. நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும் குழாயை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் 12 லிட்டர் போய்விடும். முத்து அளவுப்படி பார்த்தால் பதினைந்து பேருக்கு மேல் ஒளுச் செய்யக்கூடிய தண்ணீர் அது. மூன்று முறைக்கு மேல் கழுவுவது மக்ரூஹ் என்றும், ஒளுவுக்காக வக்ஃபு செய்யப்பட்ட நீரில் அவ்வாறு மிகையாகக் கழுவுவது ஹராம் என்றும் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. தொழுகைக்கு ஆயத்தமாகும்போதே பாவத்தைச் சேர்த்துக்கொண்டு ஸஃப்பில் போய் நிற்பது எவ்வளவு பெரிய நஷ்டம்! நஷ்டம் என்னவென்று வியாபாரிகளாகிய நமக்கு விளக்க வேண்டியதில்லை.

2003இல் இந்நாட்டில் வீட்டுப் பயன்பாட்டில் ஓர் ஆள் நாளொன்றுக்கு 165 லிட்டர் செலவிட்டார். 2023இல் அது 141 லிட்டராகக் குறைந்தது. 2030க்குள் 130 ஆக்க வேண்டும் என்பது குறிக்கோள். மொத்தத் தண்ணீரில் பாதிக்கு மேல் செலவாவது வீடுகளில் அல்ல, தொழில்துறையிலும் வணிகத்துறையிலும்தான். ஆகவே இல்லத்தரசிகளுக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள வழியில்லை.

நாம் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒழுகும் குழாயை நாளைக்கென்று தள்ளாமல் இன்றே பழுதுபார்ப்போம். கழிவெண்ணெயைத் தனிக் கலத்தில் சேர்த்து, முறையாக எடுத்துச் செல்வோரிடம் கொடுப்போம். பிசுக்குத் தொட்டியை நாள் தவறாமல் சுத்தம் செய்விப்போம். அஞ்சடியை முதலில் கூட்டி, குப்பையை அள்ளி, பிறகு வாளி நீரால் துடைப்போம். சிப்பந்திகளுக்கு அதட்டலாக அல்லாமல் அன்பாகக் காரணத்தைச் சொல்வோம். ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பர், தம் பொறுப்பிலுள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நபிமொழியின் கருத்தல்லவா? முதலாளி ஒரு நாள் தாமே வாளியைத் தூக்கிக் கழிவுநீர்த் தொட்டியில் கொட்டிக் காட்டினால், நூறு முறை சொல்வதைவிட அது மேலாகும்.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை. கால்வாயை அடைக்கும் ஓர் அட்டைத் துண்டைக் குனிந்து எடுப்பவருக்கும் அந்த நன்மை உண்டு என்று நாம் நம்புகிறோம். கழகம் குழாயையும் கால்வாயையும் காவல் காக்கும். நம் கைகளைக் காவல் காக்க வேண்டியவர்கள் நாமே. நம் உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

யா அல்லாஹ்! நீ வானிலிருந்து இறக்கும் ரஹ்மத்தை நாங்கள் அசுத்தப்படுத்தாமல் எங்களைக் காப்பாயாக. எங்கள் வியாபாரத்திலும் எங்கள் தண்ணீரிலும் பரக்கத்தை அருள்வாயாக. இந்த ஊரையும் இதில் வாழும் எல்லா மக்களையும் வறட்சியிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் பாதுகாப்பாயாக. கணக்குக் கேட்கப்படும் நாளில் தராசுக்கு மட்டுமின்றி, கடைவாசல் கால்வாய்க்கும் தலைகுனியாமல் பதில் சொல்லும் பாக்கியத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக.

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.