பசி இல்லாதவருக்கு எதைக் கொடுப்பது?



நம் நாட்டில் தமிழர்கள் சந்தித்தால் கேட்கும் முதல் கேள்வி, "பசியாறியாச்சா?" நமக்குச் சாப்பாடுதான் அன்பு. அப்படிப்பட்ட வீட்டில் வயதான ஒருவர் "வேணாம்பா" என்று தட்டைத் தள்ளி வைத்தால், நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பாட்டிக்கு வயது 84. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். இப்போது நாலு கரண்டி கஞ்சியோடு போதும் என்கிறார். அப்பா கெஞ்சுகிறார், சில நேரம் அதட்டுகிறார். பார்க்க வரும் சொந்தங்களோ, "பெத்த தாயைப் பட்டினி போடலாமாப்பா?" என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை அப்பாவைத் தூங்க விடுவதில்லை. வேண்டாம் என்பவருக்கு வற்புறுத்தி ஊட்டுவது தர்மமா, விட்டுவிடுவது தர்மமா?

முதலில், "வயசாச்சு, அப்படித்தான்" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. பல்வலி, வாய்ப்புண், மலச்சிக்கல், மனச்சோர்வு, சில மருந்துகள் எல்லாமே பசியைக் கெடுக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். 6 முதல் 12 மாதத்துக்குள் உடல் எடை காரணமில்லாமல் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். பாட்டிக்கு இதெல்லாம் பார்த்தாச்சு. இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, உடம்பு மெல்ல ஓய்கிறது என்றார் டாக்டர்.

இங்கேதான் நாம் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். சாப்பிடாததால் ஓய்கிறார் என்று நினைக்கிறோம். இந்தக் கட்டத்தில், உடம்பு ஓய்வதால்தான் சாப்பாடு வேண்டாம் என்கிறது. கட்டாயப்படுத்தி ஊட்டினாலும் பழைய பலம் திரும்பாது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு அவசரமாக ஊட்டினால், உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியாகூட வரலாம்.

கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தைப் பற்றிப் பேசும்போது இடம், காலம், பெறுபவர் மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. ஊட்டுவதற்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். "பசியாற" என்ற சொல்லிலேயே பசி இருக்கிறது. ஆற்றுவதற்குப் பசியே இல்லாதபோது, நாம் யாருடைய தவிப்பை ஆற்றிக்கொள்ள ஊட்டுகிறோம்? பெரும்பாலும் நம்முடையதைத்தான்.

"அப்போ ஒண்ணும் செய்ய வேணாமா?" என்று கேட்பீர்கள். செய்ய நிறைய இருக்கு. நிமிர்த்தி உட்கார வைத்து, கேட்டதைக் கேட்ட நேரத்தில் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பாட்டி இரவு பத்து மணிக்கு மைலோ கேட்பார், இரண்டு வாய்தான் குடிப்பார். உதடு காயாமல் ஈரப்படுத்தலாம். கால் பிடித்துவிடலாம், பக்கத்தில் உட்கார்ந்து தேவாரம் பாடலாம், தோட்டத்துக் கதைகளைக் கேட்கலாம். கொடுப்பது நம் கடமை, எவ்வளவு வேண்டும் என்று சொல்வது அவர் உரிமை.

இதில் இளைஞர்களான நமக்கும் ஒரு வேலை உண்டு. டாக்டர் சொன்னதைச் சொந்தங்களுக்குப் பொறுமையாக விளக்க ஓர் ஆள் வேண்டும். "நீங்க பட்டினி போடலப்பா" என்று அப்பாவிடம் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நாம் இருப்போம். அடுத்த முறை இப்படி ஒரு வீட்டுக்குப் போனால், படுத்திருப்பவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று விசாரிக்காதீர்கள். பார்த்துக்கொள்பவரிடம், "நீங்க பசியாறினீங்களா?" என்று கேளுங்கள்.