தளம் கைமாறும்போது விசுவாசம் யாருக்கு?

எழுத்துக்கு கிரிப்டோ நாணயத்தில் ஊதியம் தரும் ஸ்டீம் என்ற பிளாக்செயினை நெட் ஸ்காட்டும் டான் லாரிமரும் 2016 மார்ச்சில் தொடங்கினார்கள். அதன்மேல் இயங்கிய ஸ்டீமிட் தளத்தில் ஒரு பதிவுக்கு விழும் வாக்குகளைப் பொறுத்து எழுதியவருக்கு டோக்கன் கிடைக்கும். கிடைத்ததை ‘ஸ்டீம் பவர்’ ஆகப் பூட்டிவைத்தால் அவருடைய வாக்கின் வலு கூடும். பூட்டியதை முழுவதும் வெளியே எடுக்க அப்போது 13 வாரங்கள் ஆனது. வெனிசுவேலாவிலும் நைஜீரியாவிலும் இந்த வருமானத்தை நம்பி எழுதியவர்கள் பலர். 2018 ஜனவரியில் எட்டு டாலர் அளவுக்கு ஏறிய டோக்கன் அதே ஆண்டின் இறுதிக்குள் ஒரு டாலருக்கும் கீழே போனது. நவம்பரில் தளத்தை நடத்திய ஸ்டீமிட் நிறுவனம் தன் ஊழியர்களில் 70 விழுக்காட்டினரை வேலையைவிட்டு நீக்கியது. அப்போதும் விடாமல் எழுதியவர்களை மற்றவர்கள் பாராட்டினார்கள். விற்றுவிட்டுப் போனவர்களைப் பழித்தார்கள். அந்தப் பாராட்டும் பழிப்பும் நியாயமானவையா என்பதே இங்குள்ள அறக்கேள்வி.

விலை மீளும் என்று காத்திருப்பவர் செய்வது முதலீடு. அது தவறல்ல, ஆனால் அதைக் கொண்டு அவருக்குப் பற்று இருக்கிறதா என்று சொல்லிவிட முடியாது. 13 வாரப் பூட்டுக்குள் பணம் சிக்கியதால் தங்கியவருக்கும் இது பொருந்தும். மாத வாடகையை இந்த வருமானத்தில் கட்டியவர் விற்றுவிட்டு வெளியேறினால் அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வசதியுள்ளவர் தாங்கக்கூடிய இழப்பை வசதியற்றவரும் தாங்கவேண்டும் என்று கேட்பது கொடுமை. கடமை வேறு சிலருக்கு உண்டு: நண்பர்களை அழைத்துவந்தவர்கள், புதியவர்களுக்கு நம்பிக்கை சொன்னவர்கள், பெரும் வாக்குவலுவை வைத்திருந்தவர்கள். இவர்களும் வெளியேறலாம். ஆனால் சொல்லாமல் விற்றுவிட்டு, தம்மை நம்பி வந்தவர்களைச் சரிவில் விட்டுப்போவது துரோகம்.

2020-இல் கேள்வி இன்னும் கடினமானது. தொடக்கக் காலத்தில் ஸ்டீமிட் நிறுவனம் தனக்கென ஈட்டிக்கொண்ட டோக்கன்கள் மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வளர்ச்சிப் பணிக்கே இவை, பிளாக்செயின் சங்கிலியை நடத்தும் ‘சாட்சிகளை’த் தேர்ந்தெடுக்க வாக்களிக்கப் பயன்படா என்று பொதுவெளியில் சொல்லப்பட்டிருந்தது. பிப்ரவரியில் டிரான் என்ற வேறொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் அந்த நிறுவனத்தை வாங்கினார். புதிய உரிமையாளர் பழைய வாக்குறுதியை மதிப்பாரா என்று அஞ்சிய சாட்சிகள் அந்த டோக்கன்களை முடக்கினார்கள். மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய கிரிப்டோ சந்தைகள் வாடிக்கையாளர்கள் போட்டுவைத்திருந்த டோக்கன்களைக் கொண்டு வாக்களித்தன. முதல் இருபது சாட்சிகளின் இடமும் பறிபோனது. எதிர்ப்பு வலுத்ததும் பைனான்ஸும் ஹுவோபியும் வாக்குகளைத் திரும்பப் பெற்றன.

சாட்சிகள் செய்த முடக்கத்தை ஓரளவு நியாயப்படுத்தலாம். சொத்தை வாங்குபவர் அதன்மேல் உள்ள வாக்குறுதியையும் சேர்த்தே வாங்குகிறார். முடக்கம் தற்காலிகமானது, நீக்கக்கூடியது. எனினும் ஒருவர் கணக்கை வேறொருவர் தொடமுடியாது என்ற உறுதியை முதலில் உடைத்தது அதுதான். சந்தைகள் செய்ததற்கோ எந்த நியாயமும் இல்லை. பிறர் நம்பி ஒப்படைத்ததை அவர்களைக் கேட்காமல் அதிகாரப் போட்டியில் இறக்கின; வாக்குக்காகப் பூட்டிய டோக்கன்களை உடனே எடுக்கவும் வழியில்லை.

மார்ச் 20 அன்று எழுத்தாளர்களில் ஒரு பெரும்பகுதியினர் ஹைவ் என்ற புதிய சங்கிலியைப் பிரித்துக்கொண்டார்கள். பழைய பதிவுகளும் பெரும்பாலான கணக்கிருப்புகளும் அப்படியே நகலெடுக்கப்பட்டன. பாகப்பிரிவினையில் வீடு ஒருவர் கைக்கே போகும். இங்கே இரு தரப்புக்கும் அதே வீடு கிடைத்தது. அதனால் யார் தங்கினார், யார் போனார் என்பதே மங்கிவிட்டது. ஸ்டீமில் இருந்தவர்கள் சங்கிலியை விடவில்லை. ஹைவுக்குப் போனவர்கள் தமது வாசகர்களையும் சக எழுத்தாளர்களையும் விடவில்லை. ஒருவர் எழுத வருவதும் திரும்பத் திரும்ப வருவதும் படிக்கும் மனிதர்களுக்காகத்தான். ஆகவே உரிமையாளரையும் நாணயப் பெயரையும்விட அந்த மனிதர்கள்மேல் உள்ள கடப்பாடே வலுவானது.

ஆனால் ஹைவ் தரப்பும் மாசற்றதல்ல. நிறுவனத்தின் டோக்கன்கள் நகலெடுக்கப்படவில்லை. அதற்குப் பழைய வாக்குறுதி காரணமாகச் சொல்லப்பட்டது. எதிர்த் தரப்புச் சாட்சிகளுக்கு வாக்களித்த சில தனிநபர் கணக்குகளும் விலக்கப்பட்டன. கருத்து மாறுபட்டதற்காக ஒருவருடைய பங்கை மறுக்கும் சமூகம் தான் எதிர்த்த தவறையே சிறிய அளவில் செய்கிறது.

அதைவிடப் பெரிய அளவில் மே 20 அன்று ஸ்டீம் தரப்பு அதே தவறைச் செய்தது: 64 கணக்குகளிலிருந்து ஏறக்குறைய 2.36 கோடி ஸ்டீம் பறிக்கப்பட்டது. உரிமையாளர்களில் பலர் ஹைவ் பக்கம் நின்றவர்கள். அவர்கள் பழைய இடத்தில் விட்டுவந்தது அவர்களுடைய உழைப்பின் பலன். பிரிந்தவர்களின் அந்தச் சொத்தைத் தொடாமல் காப்பது, தங்கியவர்கள் நிறைவேற்றியிருக்கவேண்டிய முதல் கடமை.