கால் முறிந்தால் வீட்டில் இருப்பது யார்?

"எஸ்டேட்டுல இருந்திருந்தா இந்தக் கஷ்டமே இல்லம்மா. நாலு பேரு பாத்துக்கிட்டிருப்பாங்க" என்றாள் மகள். அவள் எஸ்டேட்டில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்த நாலு பேர் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

பேரனுக்கு எட்டு வயது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு முறிந்து, பாதத்திலிருந்து தொடை வரை மாவுக்கட்டு. வீடு ஈப்போவில், மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியின் மூன்றாவது மாடி. மகளுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, மருமகனுக்குச் சரக்குக் கிடங்கில் வேலை. டாக்டர் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதிக் கொடுத்தார். அது பையனுக்குத்தான், அவனைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு இல்லை.

நம் மலேசிய நாட்டு வேலைச் சட்டம் 1955ஆம் ஆண்டினுடையது. 2022இல் அதைத் திருத்தினார்கள். 2023 ஜனவரியிலிருந்து மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தகப்பனுக்கும் 7 நாள் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் பிறந்த பிள்ளை வளர்ந்து, ஓடி, விழுந்து காலை முறித்துக்கொண்டால் பெற்றவர்களுக்கு இத்தனை நாள் என்று அந்தச் சட்டத்தில் தனி விடுப்பு எதுவும் இல்லை. ஆண்டு விடுப்பில்தான் கை வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு அது 8 நாள். முன்னெலும்பு கூடுவதற்கோ ஆறு வாரம், சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் ஆகிறது. அதுவும் சிறு பிள்ளை எலும்பு என்பதால் இவ்வளவு சீக்கிரம்; எங்கள் வயதில் என்றால் இதைப்போல் இரண்டு மடங்கு.

அதனால் நான் வந்தேன்.

செய்கிற வேலை பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் விட்டுவிட்டு நகர முடியாது. முதல் சில நாள் காலை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி தலையணை அடுக்கி வைக்க வேண்டும். தூக்கத்தில் அவன் புரண்டால் மறுபடியும் அடுக்க வேண்டும். கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்களை அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும்: சூடு இருக்கிறதா, அசைக்கிறானா, நிறம் மாறியிருக்கிறதா. விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். குந்து கக்கூசில் அவனால் உட்கார முடியாது. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து, அவன் கட்டுக்காலை என் தொடையில் தாங்கிக்கொண்டு, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். எட்டு வயதுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. மாடிப்படியை உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்குவான், நான் ஒரு படி முன்னால் காலைப் பிடித்துக்கொண்டு. என் முழங்காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மாவுக்கட்டைக் கொண்டுவந்தவர் அந்தோனியஸ் மத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர். 1851இல் அவர் துணிப் பட்டையில் சுட்ட ஜிப்சம் மாவைத் தேய்த்து, நனைத்துச் சுற்றினார். சில நிமிடத்தில் இறுகியது. வாரக்கணக்கில் கட்டிலோடு கிடக்க வேண்டிய நோயாளிகள் பலரை வீட்டுக்கு அனுப்பலாம் என்றாயிற்று. மருத்துவத்துக்கு அது பெரிய வரம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் தாதிகள் பார்த்த வேலையும் நோயாளியின் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டில் அதைச் செய்யப்போவது யார் என்பது டாக்டரின் கேள்வி அல்ல.

அந்தக் காலத்தில் லயத்தில் எங்கள் அண்ணன் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. தோட்டத்து மருந்தக டிரெசர் பார்த்துவிட்டு டவுனுக்குக் கொண்டு போகச் சொன்னார். அப்பா போனது சீன வைத்தியர் சின்சேயிடம். மூங்கில் தப்பை வைத்து, பச்சிலை அரைத்துப் பத்துப் போட்டுக் கட்டி அனுப்பினார்கள். (சின்சே கட்டில் கோணலாகக் கூடிய கால்களையும் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்கு அதிர்ஷ்டம்.)

மகள் சொல்கிற நாலு பேர் வந்தார்கள்தான். சாயங்காலம் வந்தார்கள். ஒருத்தி கஞ்சி, ஒருத்தி புண் ஆறும் என்று ஹருவான் மீன் சூப். கோயில் திருநீறு வந்தது, ஆளுக்கொரு யோசனையும் வந்தது. லயமே எங்கள் வாசலில் இருந்தது. ஆனால் காலையில்? ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது விடியற்காலையில். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு, போய்விடுவார்கள்; வெட்டி, பால் எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப மதியம் தாண்டிவிடும். அந்த நேரத்தில் லயத்தில் நாய்களும் கோழிகளும்தான். ஒரு நாள் போகாவிட்டால் செக்ரோலில் அன்றைக்குப் பெயர் ஏறாது, சம்பளம் இல்லை. மழை பெய்தாலே வெட்டு நின்று கூலி குறைகிற குடும்பத்தில், பிள்ளைக்குத் துணையிருக்க யார் வீட்டில் தங்குவது? ஆயாக்கொட்டகையில் தூளிப் பிள்ளைகளைத்தான் பார்ப்பார்கள். கால் முறிந்த பத்து வயதுப் பையனை ஆயா எங்கே வைத்துக்கொள்வாள்?

பெரியக்கா இருந்தாள். ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். அண்ணனுக்குச் சட்டி வைத்தாள், உடம்பு துடைத்தாள், சோறு வடித்தாள். வீடு இப்படி நடப்பது எல்லாருக்கும் வசதியாகிவிட்டது. அண்ணன் கால் கூடிப் பந்து விளையாடப் போனான். அக்கா பள்ளிக்கூடம் திரும்பவில்லை. சில வருஷம் கழித்து அம்மாவோடு வெட்டுக்கு இறங்கினாள். பள்ளிக்கூடத்துக்குப் போகாதே என்று யாரும் அவளைத் தடுக்கவில்லை, போ என்று சொல்வாரும் இல்லை. இன்றைக்குக் கேட்டால், "நான் பாக்கலன்னா வேற யாரு பாப்பா?" என்று சிரிப்பாள். அவளுக்குக் கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது.

எஸ்டேட்டு ஒற்றுமையை நான் பொய் என்று சொல்லவில்லை. அந்த ஹருவான் சூப்பின் வாசம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த ஒற்றுமை வேலை முடிந்து வந்தவர்களின் ஒற்றுமை. விடியற்காலையிலிருந்து மதியம் வரை அதைச் சுமந்தது ஒரு பெண்பிள்ளை. பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிந்து, நாமெல்லாம் ஈப்போவில் கிளேபாங், புந்தோங் என்று வந்து சேர்ந்த பிறகு, அக்கா இருந்த இடத்தில் பாட்டி. மகள் சொல்கிற நாலு பேர் இன்றைக்கு நான் ஒருத்திதான்.

போன வாரம் எனக்குச் சர்க்கரைக்கு கிளினிக் அப்பாயின்மெண்ட். "பாப்பா ரெண்டு நாள் ஸ்கூலுக்கு மட்டம் போடட்டும், தம்பியப் பாத்துக்குவா" என்றாள் மகள். பேத்தி ஐந்தாம் வகுப்பு. அவளும் சரி என்று தலையாட்டினாள்; பெண்பிள்ளைகள் சீக்கிரம் தலையாட்டிவிடுகிறார்கள். முடியாது என்றேன். மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப யாரும்மா?" என்றாள்.

"அவங்க அப்பா இல்லையா?"

மருமகன் நல்ல மனிதர். இதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆண்டு விடுப்பில் மிச்சம் இருந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "என்ன செய்யணும் அத்தை, சொல்லுங்க" என்று நின்றார். நாற்காலியைக் காட்டினேன். குளிக்க வைக்கும்போது கட்டுக்கு மேல் இழுத்துக் கட்டுகிற பிளாஸ்டிக் பையைக் காட்டினேன். "மத்தியானம் உள்ள அரிக்குதுன்னு ஸ்கேல் கேப்பான். குடுத்துடாதீங்க மாப்பிள்ளை, உள்ள தோல் கிழிஞ்சா வெளிய தெரியாது. ஹேர் டிரையரைக் குளிர்ந்த காத்துல வச்சுக் கொஞ்சம் ஊதுங்க. அதுக்கும் அழுவான். அழட்டும், பக்கத்துல உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.