கையின் இலக்கணம்

சீடன்: ஐயனே, தொல்காப்பிய எச்சவியல் கூறும் பத்து வகை எச்சங்களுள் குறிப்பெச்சமும் ஒன்று. ஒரு தொடர் தன் பொருளைத் தானே முடித்துக்கொள்ளாமல், கேட்போன் குறிப்பால் உணருமாறு ஒரு பகுதியை விட்டுவைப்பதே அது என்றால், மொழியின் குறைபாட்டுக்கு இலக்கணம் பெயர் சூட்டியிருக்கிறது என்றல்லவா ஆகிறது? நிறைவான மொழி ஒன்று இருக்குமானால், அதைப் பேசுவோரின் கைக்கும் கண்ணுக்கும் வேலையே இராது.

குரு: குறை என்று தீர்ப்பதற்கு முன், குறிப்பை எதிர்பாராத தொடர் ஒன்றைச் சொல்ல இயலுமா என்று பார். 'இதை அங்கே வை' என்னும் எளிய ஏவலை எடுத்துக்கொள். எழுத்ததிகாரம் அ, இ, உ என்னும் மூன்று எழுத்துகளையும் சுட்டு என்கிறது. சுட்டு என்பது, சொல்வோன் இருக்கும் இடத்தை மையமாக வைத்துப் பொருளைக் காட்டுவது. அண்மைக்கு இகரம், சேய்மைக்கு அகரம், இடைப்பட்டதற்கு உகரம். உகரச்சுட்டு தமிழகப் பேச்சில் மறைந்துவிட்டாலும், 'உது', 'உவன்' என யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்றும் வழங்குகிறது. ஆனால் மூன்று சுட்டும் குறைவின்றி உள்ள பேச்சில்கூட, மேசைமேல் நான்கு ஏடுகள் கிடக்கையில் 'இது' என்பது எந்த ஏடு என்பதை விரலோ பார்வையோதான் முடிவு செய்கிறது. அவ்விடத்தை இலக்கணம் தெரிந்தே வெறுமையாக விட்டிருக்கிறது.

சீடன்: சுட்டுச் சொற்கள் ஒரு கைப்பிடி அளவே; ஏனைய சொற்கள் தம் பொருளைத் தாமே தாங்குகின்றன. ஆகவே பேச்சோடு வரும் கையசைவு, கேட்போனுக்கு எளிதில் விளங்கும்பொருட்டுப் பேசுவோன் சேர்க்கும் அணி எனக் கொள்வதில் தடை என்ன?

குரு: கேட்போனுக்காக மட்டுமே எனில், காண்பவர் இல்லாத இடத்தில் கை ஓய்ந்துவிட வேண்டும். தொலைபேசியில் வழி சொல்பவர், மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாது என்று அறிந்தும், கையை இடமும் வலமும் வீசிக்கொண்டே பேசுவதைத் தெருவில் எவரும் காணலாம். அது பழக்க தோஷம் என்று நீ ஒதுக்கக்கூடும். ஜானா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ என்னும் இரு ஆய்வாளர்கள் 1998இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவு அந்த மறுப்புக்கும் இடம் தரவில்லை. அவர்கள் ஆராய்ந்தது பிறவியிலேயே பார்வையற்ற 12 இளையோரின் பேச்சை. பிறர் கையசைத்துப் பேசுவதை ஒருமுறையும் கண்டிராத அச்சிறார், பார்வையுள்ளவர்களைப் போலவே கையசைத்தனர். ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு நீர் ஊற்றப்பட்டதைச் சொல்லும்போது, கலத்தைப் பற்றியதுபோல் விரல்களை வளைத்துக் காற்றில் சாய்த்தனர். கேட்பவரும் பார்வையற்றவரே என்று அறிந்து பேசியபோதும் கை ஓயவில்லை. அணி என்றால், எவருக்குக் காட்ட அணிந்த அணி அது?

சீடன்: அப்படியாயின் கையசைவு பேசுவோனுக்கே பயன்படுகிறது என்பது கருத்தா?

குரு: பேசுவோனின் எண்ணம் சொல்லாக உருவெடுக்கும் அதே தொழிலில் கையும் பங்கு கொள்கிறது என்பது கருத்து. சிகாகோப் பல்கலைக்கழகத்து டேவிட் மக்நீல் இக்கொள்கையை விரிவாக எழுதியவர். அவர் ஆராய்ந்தவற்றுள் ஆங்கிலேயர் ஒருவரின் நிலை எண்ணிப் பார்க்கத்தக்கது. 19 வயதில் வந்த நோயால் அவர் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும், கண்ணை மூடியிருக்கும்போதும் தன் கை கால் எங்கே இருக்கிறது என்று அறியும் உடலுணர்வையும் இழந்தார். நெடுநாள் முயன்று, ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்தே செலுத்தக் கற்றார்; கை மறைக்கப்பட்டால் ஒரு பொருளைச் செவ்வனே கையாளவும் அவரால் ஆகாது. ஆனால் கையைத் திரையால் மறைத்துவிட்டுக் கதை சொல்லச் சொன்னபோது, பேச்சோடு வரும் அசைவுகள் பெரும்பாலும் குலையாமல், சொல்லின் தாளத்தோடு ஒத்தே வந்தன. பொருளை எடுக்கும் கையை ஆள்வது ஒன்று, பொருளைச் சொல்லும் கையை ஆள்வது வேறொன்று என்றே இதிலிருந்து கொள்ளத் தோன்றுகிறது.

சீடன்: சிலப்பதிகார அரங்கேற்று காதை பிண்டி, பிணையல், எழிற்கை, தொழிற்கை எனக் கைகளை வகுப்பதும் இவ்வேறுபாட்டையே கருதியோ?

குரு: இல்லை, ஒத்ததுபோல் தோன்றுவதால் இரண்டையும் இணைத்துவிடாதே. பிண்டி என்பது ஒரு கையால் காட்டுவது, பிணையல் என்பது இரு கையும் இணைத்துக் காட்டுவது; அடியார்க்கு நல்லார் முன்னதை 33 எனவும் பின்னதை 15 எனவும் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் விரல் எப்படி நிற்க வேண்டும் என்று உரை வகுத்திருக்கிறார். அவை ஆசானிடம் கற்று, அவையில் பிழையின்றிக் காட்ட வேண்டிய கைகள். கதை சொல்லும் பாட்டி காற்றில் வரையும் கையை எவரும் கற்பிப்பதில்லை, அதில் பிழை காண்பாரும் இல்லை. எது பிழைபடக்கூடுமோ அதற்கே இலக்கணம் உண்டு. ஆகவே கூத்தரின் கை, பேச்சோடு வரும் கையைவிட மொழிக்கு நெருக்கமானது. இவ்விரண்டுக்கும் இடையே மரபுச் சைகை என ஒன்று நிற்கிறது. சொல்லே இல்லாமல் தனித்து நின்று பொருள் தரும், ஆனால் ஊருக்கு ஊர் மாறும். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து விரல்களை மடக்கித் தமிழர் அழைப்பதை, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்தே அழைத்துப் பழகிய நாட்டார் 'போ' என்று கொள்ளக்கூடும்.

சீடன்: பேச்சோடு வரும் கைக்குக் கற்பிப்பாரும் இல்லை, பிழையும் இல்லை என்றால், அது எல்லா மொழியாருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் அல்லவா?

குரு: அங்கேதான் செய்தி சுவைபடுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், ஹோப்வேல் என்னும் ஊரை ஒட்டிய மக்களின் கூகு யிமிதிர் மொழியில், இருப்பிடம் சொல்ல இடம், வலம் என்னும் வழக்கு இல்லை. பக்கத்தில் கிடக்கும் கரண்டியையும் வடக்கே, தெற்கே என்றே சொல்வர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் 'சற்று மேற்கே தள்ளி உட்கார்' என்பது கேட்கக்கூடிய பேச்சுதான். அம்மொழி பேசும் முதியவர் ஒருவர், தாம் சென்ற படகு கடலில் கவிழ்ந்த கதையை 1980இல் ஜான் ஹாவிலாண்ட் என்னும் ஆய்வாளரின் படக்கருவி முன் சொன்னார். அப்போது மேற்கு நோக்கி அமர்ந்திருந்த அவர், படகு புரண்டதைத் தம் உடலிலிருந்து முன்னோக்கிக் கைகளை உருட்டிக் காட்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்டீபன் லெவின்சன் அதே கதையைப் படம்பிடித்தபோது அவர் வடக்கு நோக்கி அமர்ந்திருந்தார். இம்முறை கைகள் வலப்புறமிருந்து இடப்புறமாக உருண்டன. உடலை வைத்து நோக்கினால் இரண்டும் வேறு வேறு அசைவு. திசையை வைத்து நோக்கினால் இரண்டு முறையும் படகு கிழக்கிலிருந்து மேற்காகவே கவிழ்ந்தது. திசையை விடாமல் குறித்துக்கொண்டே பேச வேண்டிய மொழி, அதைப் பேசுவோரின் நினைவையும் கையையும் அப்படிப் பழக்கியிருக்கிறது. மொழி விழிப்பு, அதாவது தான் பேசும் மொழி தன்னை எதையெல்லாம் கவனிக்க வைக்கிறது, எதையெல்லாம் கவனியாமல் விட வைக்கிறது என்னும் அறிவு, வேண்டுவோர் தம் சொற்களை ஆராய்வதோடு நில்லாமல் தம் கையையும் பார்க்க வேண்டும். சொல்லில் மறைத்ததைக் கை பல நேரங்களில் காட்டிக்கொடுத்துவிடும். திருவள்ளுவர் குறிப்பறிதல் என்னும் ஒரே தலைப்பை அமைச்சியலில் ஒருமுறையும் களவியலில் ஒருமுறையும் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம். அரசனும் காதலியும் மனத்திலுள்ளதை முழுதும் வாய்விட்டுச் சொல்பவர்கள் அல்லர்.

சீடன்: செவிப்புலன் இல்லாதோர் கையாலேயே பேசுகின்றனரே, அது இவற்றுள் எவ்வகை?

குரு: எவ்வகையும் அன்று, அது மொழி. இதை ஏற்க உலகம் நெடுங்காலம் மறுத்தது. 1880இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வாய்ப்பேச்சால் கற்பிப்பதே சிறந்தது என்று தீர்மானித்ததன் விளைவாக, பல நாட்டுப் பள்ளிகளில் சைகைமொழி வகுப்பறையை விட்டு விரட்டப்பட்டது. செவியுள்ளவர் தம் வசதிக்காகப் பிறர் கையைக் கட்டிய செயல் என்றே அதைச் சொல்ல வேண்டும். 1960இல் வாஷிங்டனின் கல்லூடெட் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் ஸ்டோக்கோ, அமெரிக்கச் சைகைமொழியின் ஒவ்வொரு சொல்லும் கைவடிவம், கை நிற்கும் இடம், அசைவு என்னும் சிறு கூறுகளால் ஆனது என்று காட்டினார். எழுத்துகள் சேர்ந்து சொல்லாவது போன்ற அமைப்பே இதுவும். ஒரு கூறு மாறினால் பொருள் மாறும், பிழையும் நேரும்.

சீடன்: அமெரிக்கச் சைகைமொழி பல தலைமுறைகள் கண்டது. வெறும் சைகை எந்த இடத்தில் மொழியாக மாறுகிறது என்பதை எவரேனும் கண்டதுண்டா?

குரு: மாறும்போதே கண்டிருக்கிறார்கள். நிகராகுவாவில், காது கேளாத பிள்ளைகள் அவரவர் வீட்டில் தனித்திருந்து, தம் குடும்பத்தார்க்கு மட்டும் விளங்கும் சில சைகைகளோடு வளர்ந்துவந்தனர். 1977இல் தலைநகர் மனாகுவாவில் சிறப்புக் கல்விப் பள்ளி தொடங்கியபின் அவர்கள் ஓரிடத்தில் கூடினர். ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியை உதடு பார்த்து அறியக் கற்பிக்க முயல, பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் தமக்குள் ஒரு சைகைமொழியை ஆக்கிக்கொண்டனர். அதை ஆராய்ந்த ஆன் செங்காஸ் முதலியோர் 2004இல் வெளியிட்ட செய்தி கூர்ந்து பார்க்கத்தக்கது. பூனை ஒன்று சரிவான தெருவில் உருண்டு இறங்கும் கேலிச்சித்திரப் படத்தைக் காட்டி, கண்டதைச் சொல்லச் சொன்னார்கள். ஸ்பானியம் பேசுவோர், பேசும்போதே கையைச் சுழற்றியபடி கீழே இறக்கினர். உருளுதலும் இறங்குதலும் உலகில் நிகழ்வது போலவே ஒரே அசைவில் கலந்திருந்தன. முதலில் பள்ளிக்கு வந்த காது கேளாதோரும் பெரும்பாலும் அப்படியே செய்தனர். பின்னர்ச் சேர்ந்து இளம் வயதிலேயே அம்மொழியைக் கற்றவர்களோ, முதலில் உருளுதலைக் காட்டி, அதன்பின் இறங்குதலைத் தனியே காட்டினர்.

சீடன்: அது காட்சிக்குப் பொருந்தாதே, பூனை உருண்டு முடித்தபின் இறங்கவில்லை.

குரு: பொருந்தாதுதான், அந்தப் பொருந்தாமையே மொழி. 'உருண்டு இறங்கியது' என்று தமிழில் சொல்லும்போதும் வினையெச்சமும் வினைமுற்றுமாக அப்பிரிவு நிகழ்கிறது. நிகழ்ச்சி ஒன்று, சொல் இரண்டு. ஒருமுறை பிரித்துவிட்டால் 'உருண்டு ஏறியது', 'தவழ்ந்து இறங்கியது' எனக் காணாதவற்றையும் கூட்டிச் சொல்லலாம். பேச்சோடு வரும் கை, காட்சியைப் பிரிக்காமல் முழுதாக வைத்திருக்கிறது. பிரிக்கும் வேலையை வாய் செய்துவிடுவதால் கைக்கு அது தேவையில்லை. வாய்மொழி இல்லாத இடத்தில் கையே பிரித்தது. தனியொரு பிள்ளையால் இது ஆனதில்லை என்பதையும் விட்டுவிடாதே. பலர் கூடியதும், சிறு வயதினர் அடுத்தடுத்து வந்து கற்றதுமே கையை இவ்வளவு தூரம் கொண்டுவந்தன.

சீடன்: எனில், கல்லால மரத்தின்கீழ்த் தட்சிணாமூர்த்தி சனகர் முதலிய நால்வர்க்குச் சின்முத்திரையால் உணர்த்தியதை எங்கே வைப்பது? கட்டைவிரல் இறைவன், அதைத் தொடும் சுட்டுவிரல் உயிர், விலகி நிற்கும் மூன்று விரல்கள் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலம் என்று சைவ ஆசிரியர் விளக்குவர். அங்கே பிரிக்கப்படாத ஒரே கை அனைத்தையும் சொல்லிவிட்டதே.

குரு: விரல் விரலாக இப்போது பிரித்துச் சொன்னவன் நீயே. இறைவனாகிய பதி, உயிராகிய பசு, மலமாகிய பாசம் என மூன்று பெயர், விலகுதலும் சேர்தலுமாக இரண்டு வினை. ஒரு முழுத் தொடர் அந்தக் கையில் இருக்கிறது. அதை வாசிக்க வந்த நால்வரும் வேதங்களையும் அவற்றின் அங்கங்களையும் முன்னரே ஓதித் தேர்ந்தவர்கள் என்பதைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் மறவாமல் குறித்திருக்கிறார். பதி, பசு, பாசம் என்னும் சொற்களையே கேட்டறியாத ஒருவன் முன் அதே கையை நீட்டினால், மூக்குப்பொடி எடுக்கும் கை என்றே அவன் கொள்வான். அவனைக் குறை சொல்லவும் இயலாது.