எத்தனை துப்பாக்கி போதும்?

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் குடியிருக்கும் சகோதரர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். நம் கடற்கரை ஊர்களில் ஒன்றில் பிறந்தவர். ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர். தொழுகையையும் ஜகாத்தையும் பேணி வருபவர் என்பது கடிதத்தின் நடையிலிருந்தே விளங்குகிறது. அவரிடம் 14 துப்பாக்கிகள் இருக்கின்றன.

நண்பர் ஒருவருடன் மான் வேட்டைக்குப் போனதில் இது தொடங்கியதாம். முதலில் ஒரு ரைபிள் வாங்கினார். வீட்டுப் பாதுகாப்புக்கென்று ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். பிறகு பறவை வேட்டைக்கு இரட்டைக்குழல் ஒன்று, இரண்டாம் உலக யுத்த காலத்து ரைபிள் ஒன்று, அதற்கு ஜோடியாக இன்னொன்று என்று வளர்ந்துகொண்டே போயிற்று. எல்லாம் சட்டப்படி வாங்கியவை, ஹலாலான சம்பாத்தியத்தில் வாங்கியவை. பதினைந்தாவதற்கு விலை பேசி வைத்துவிட்டு வீட்டில் சொன்னபோது அவருடைய மனைவி, "எத்தனை ஆனால்தான் உங்களுக்குப் போதும்?" என்று கேட்டிருக்கிறார். சகோதரருக்குப் பதில் தெரியவில்லை. "மார்க்கத்தில் இதற்கு ஓர் எண்ணிக்கை உண்டா? கூடுமா கூடாதா என்று ஒரு வரியில் எழுதுங்கள்" என்று நம்மைக் கேட்கிறார்.

ஒரு வரியில் எழுதுவதானால், அசலில் இது ஆகுமான காரியமே. ஆனால் அந்த ஒரு வரி அவர் மனைவியின் கேள்விக்குப் பதிலாகாது.

நம் நாட்டு வாசகர்களுக்கு 14 என்பதே திகைப்பைத் தரும். இங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. ஒருவர் மூன்றுக்கு மேல் வைத்திருக்கக் கூடாதென்று 1983இல் அதில் வரம்பு கட்டினார்கள். 2019இல் அதை இரண்டாகக் குறைத்தார்கள். அமெரிக்காவின் மத்திய சட்டத்திலோ சாதாரணத் துப்பாக்கிகளுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. 2017இல் பியூ ஆய்வு நிலையம் அங்கே எடுத்த கணக்கில், துப்பாக்கி வைத்திருப்போரில் நூற்றுக்கு 66 பேரிடம் ஒன்றுக்கு மேலும், 29 பேரிடம் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தன. ஆகவே நமது சகோதரர் தாம் வாழும் ஊரில் விசித்திரமான மனிதர் அல்லர். சட்டம் ஓர் எண்ணைச் சொல்லாத இடத்தில் மனிதன் தானே அதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிரமம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

சகோதரர் தமக்குச் சாதகமாகச் சில ஆதாரங்களையும் எழுதியிருக்கிறார். எதிரிகளுக்கெதிராக இயன்ற பலத்தைத் தயார் செய்து வைக்குமாறு திருமறையின் அன்ஃபால் சூரா 60ஆம் ஆயத்தில் வரும் கட்டளை முதலாவது. அந்த ஆயத் முஸ்லிம் சமுதாயத்தை அதன் தலைமையின் கீழ் நிறுத்திப் பேசுகிறது. டெக்ஸாஸில் ஒரு குடும்பத்தலைவர் தம் படுக்கையறை அலமாரியில் சேர்க்கும் பழைய ரைபிள்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? தாம் வாழும் நாட்டுச் சட்டத்திற்குக் கட்டுப்படுவதாக உடன்பட்டு, அண்டை வீட்டாரோடு நிம்மதியாக இருப்பவருக்கு எதிரி யார்? தமக்குப் பிடித்த ஒரு பொருளுக்கு ஆயத்தைத் தேடிப் பொருத்துவது தப்ஸீர் ஆகாது. இதை அவர் மனம் வருந்தாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒன்பது வாள்கள் இருந்தனவே என்றும் கேட்டிருக்கிறார். உண்மைதான். இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் 'ஸாதுல் மஆத்' நூலில் ஒன்பது வாள்களையும் ஏழு கவசங்களையும் ஆறு விற்களையும் பெயர் சொல்லி எண்ணுகிறார்கள். அவற்றில் ஒரு வாள் தந்தையாரிடமிருந்து வந்தது. துல்ஃபிகார் பத்ருப் போரின் கனீமத்தில் வந்தது. ஒரு சமுதாயத்தின் போர்களைத் தலைமை தாங்கி நடத்தியவர்களின் கையில் புழங்கிய கருவிகள் அவை. அந்த வரலாற்றின் முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அண்ணலார் வஃபாத்தானபோது அவர்களுடைய கவசம் ஒன்று, குடும்பத்துக்காக வாங்கிய 30 ஸாஉ வாற்கோதுமைக்கு ஈடாக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. ஆயுதங்களும், ஒரு வெள்ளைக் கோவேறு கழுதையும், தர்மமாக ஆக்கிய நிலமும் தவிர வேறெதையும் அவர்கள் விட்டுச் செல்லவில்லையென்று புகாரியில் வருகிறது. வீட்டில் மாவு தீர்ந்தபோது கவசம் அடகுக்குப் போயிற்று. அங்கே கவசத்தின் இடம் அவ்வளவுதான்.

மூன்றாவதாக, ஆயுதத்துக்கு ஜகாத் இல்லை, எனவே இது குற்றமற்ற பொருள் என்கிறார். பாதி சரி. குடியிருக்கும் வீடு, உடுக்கும் துணி, ஏறும் வாகனம் இவற்றோடு உபயோகிக்கும் ஆயுதத்துக்கும் ஜகாத் இல்லையென்று ஹிதாயாவில் தெளிவாக இருக்கிறது. ஆனால் சேகரிப்பவர்கள் வாங்குவதோடு நிற்பதில்லை, விற்கவும் மாற்றவும் செய்கிறார்கள். விலையேறும், பிறகு விற்கலாம் என்ற நிய்யத்திலேயே ஒன்றை வாங்கியிருந்தால் அது வியாபாரச் சரக்கு. ஆண்டு முடிவில் அன்றைய சந்தை விலைக்கு நூற்றுக்கு இரண்டரை கொடுத்தாக வேண்டும். வைத்துக்கொள்ள வாங்கிவிட்டுப் பிற்பாடு விற்க மனம் வந்தால், விற்கும் வரை ஜகாத் இல்லை. ஒவ்வொன்றையும் வாங்கிய நாளில் நெஞ்சில் என்ன இருந்தது என்பதை அவரே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களின் கவசங்களுக்கு ஜகாத் கேட்கப் போனபோது, காலிதுக்கு நீங்கள் அநீதி செய்கிறீர்கள், அவர் அவற்றை அல்லாஹ்வின் பாதையில் ஒதுக்கிவிட்டார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். குவிந்திருந்த ஆயுதங்கள் வியாபாரப் பொருளோ என்று பார்ப்போருக்குத் தோன்றியதால்தான் ஜகாத் கேட்கப்பட்டது என இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள். குவியலைப் பார்த்தால் கேள்வி எழும் என்பது அன்றும் இருந்திருக்கிறது.

இனி அவர் கேட்ட எண்ணிக்கைக்கு வருவோம். மார்க்கத்தில் இப்படியெல்லாம் எண்ணியிருக்க மாட்டார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். எண்ணியிருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் குர்பானி யார்மீது வாஜிப் என்று பேசும் பாடத்தில், அவசியத் தேவைக்கு மேற்பட்டு 200 திர்ஹம் பெறுமதியுள்ள பொருள் உடையவரைச் செல்வர் என்பார்கள். இன்றைய நிறைக்கு அது சுமார் 612 கிராம் வெள்ளி. தேவை எது, மிச்சம் எது என்பதைப் பிரிக்க ஃபகீஹுகள் ஒவ்வொரு தொழிலாளியின் வீட்டுக்குள்ளும் நுழைந்து பார்த்ததுபோல எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று ஜோடி உடை வரை தேவை: வீட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் ஒன்று. நான்காவது அந்த விலை பெறுமானால் உடையவர் செல்வர். உழவனுக்கு இரண்டு மாடுகள் தேவை. போர்வீரனைப் பற்றியும் ஃபதாவா ஆலம்கீரியில் வருகிறது. ஆயுதங்களால் அவன் செல்வனாவதில்லை. ஆனால் ஒவ்வொரு வகையிலும் இரண்டு வைத்திருந்து, அவற்றில் ஒன்று 200 திர்ஹம் பெறுமானால் அவன் செல்வன்.

இந்த மஸ்அலாவை மத்ரஸாவில் ஓதியபோது நாம் வேகமாகக் கடந்து போனோம். இன்று டெக்ஸாஸிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் அதன் நுட்பம் புரிகிறது. இரண்டாவது வாள் ஹராம் என்று அவர்கள் சொல்லவில்லை. பிடுங்கிக்கொள்ளவும் சொல்லவில்லை. அந்த இரண்டாவது வாள் கருவி என்ற பெயரை இழந்து சொத்து என்ற பெயரைப் பெறுகிறது. சொத்தென்று ஆனவுடன் அதில் பிறர் உரிமை வந்து ஒட்டிக்கொள்கிறது. அதன் உடையவர் குர்பானி கொடுக்க வேண்டும், ஃபித்ரா கொடுக்க வேண்டும், ஜகாத் கேட்டுக் கை நீட்டக் கூடாது. அதுவும் வாளே தொழிலான போர்வீரனுக்குச் சொன்ன அளவு. மான் வேட்டைக்காரருக்கு இதைவிடத் தாராளமான அளவை நாம் எங்கிருந்து கொண்டுவருவது?

சகோதரர் ஷாஃபிஈ ஆயிற்றே, அங்கே குர்பானி சுன்னத்துத்தானே என்று சிலர் கேட்பார்கள். அந்த மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யாவின் ஜகாத் பாடத்தில் இதே ஜோடிப் பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்கே எடுத்துக்கொண்டது கிதாபு. ஒரே கிதாபில் இரண்டு பிரதி இருந்தால் ஒன்று மிகை. ஒன்று பிழையற்றதாகவும் மற்றது அழகானதாகவும் இருந்தால், பிழையற்றதை வைத்துக்கொண்டு அழகானதை விற்றுவிட வேண்டும் என்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நமது அலமாரியைத் திரும்பிப் பார்த்தோம். மிஷ்காத் இரண்டு இருக்கிறது. ஓதிய காலத்தில் ஓரமெல்லாம் குறிப்பெழுதிக் கிழிந்துபோன பிரதி ஒன்று. தங்க எழுத்துப் போட்ட பெய்ரூத் பைண்டு ஒன்று. பின்னதைத் திறந்து எத்தனை மாதமாயிற்று என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. துப்பாக்கிக்காரருக்கு உபதேசம் எழுதுவதற்கு முன் அதை ஒரு மாணவரிடம் கொடுத்துவிட்டோம்.

பொருள்களை எண்ணும் முறையை ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீது காட்டித் தருகிறது. கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. நான்காவது ஷைத்தானுக்கு என்பது அதன் கருத்து. இங்கே ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு மனிதர் இருக்கிறார். நான்காவதற்கு ஆளில்லை. ஆளில்லாத இடத்தில் யார் வந்து படுப்பான் என்பதைத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். சகோதரரின் மான் ரைபிளுக்கும் வீட்டுக் காவல் துப்பாக்கிக்கும் இரட்டைக்குழலுக்கும் வேலை இருக்கிறது. (குண்டடிபட்டு அறுக்கும் முன்பே உயிர் பிரிந்த மானின் மஸ்அலா வேறு, அதை இங்கே இழுக்கவில்லை.) பழைய யுத்த ரைபிளையும் சரித்திரத்தில் பற்றுள்ளவர் படிக்க வைத்திருப்பதாக ஏற்றுக்கொள்ளலாம். அதன் ஜோடிக்கு யார் இருக்கிறார்? நண்பர்கள் வரும்போது எடுத்துக் காட்டுவதற்கென்று அவரே எழுதியிருக்கிறார். குதிரை மூவகையினருக்கு மூவகை என்ற புகாரி ஹதீதில், ஒருவருக்கு நன்மையாகவும் ஒருவருக்கு மறைப்பாகவும் இருக்கும் அதே குதிரை, பெருமைக்கும் பகட்டுக்கும் கட்டி வைத்தவருக்குச் சுமையாகிறது.

ஸுலைமான் (அலை) அவர்களிடம் மாலை வேளையில் உயர்ந்த குதிரைகள் கொண்டுவரப்பட்ட சம்பவம் ஸாத் சூராவில் இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்ததில் இறைவனின் தியானம் தவறியதை உணர்ந்து அவற்றைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். பிறகு அறுத்தார்களா, தடவிக் கொடுத்தார்களா என்பதில் முஃபஸ்ஸிர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தபரீ இமாம் தடவிக் கொடுத்ததாகவே கொள்கிறார்கள். அவை போர்க் குதிரைகள், ஓர் அரசரின் நியாயமான உடைமை. அப்படியிருந்தும் ஒரு நபி நின்று தம்மைக் கணக்குப் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிறு தோறும் மூன்று மணி நேரம் துடைத்து எண்ணெயிட்டு அடுக்குவதாகச் சகோதரர் எழுதியிருக்கும் இடத்தில் நமக்கு இந்தச் சம்பவம் ஞாபகம் வந்தது.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் நம்மைத் தூங்கவிடவில்லை. துடைக்கும் வேலையில் 16 வயது மகன் உதவுவானாம். இரும்புப் பெட்டியின் எண் அவனுக்கும் தெரியுமாம். ஒரு வருடமாக யாரோடும் அதிகம் பேசுவதில்லை, அறையை விட்டு வெளியே வருவதில்லை, அந்த ஞாயிறு வேலை ஒன்றில்தான் தந்தையோடு உட்காருகிறான் என்கிறார். சகோதரரே, 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். கொள்ளைக்காரனுக்குப் பயந்து வாங்கிய கருவி, அந்த வீட்டின் சோர்ந்த பிள்ளைக்கு ஒரு நொடியில் எட்டும்படி இருக்கிறது. வேறு வழியில் முயன்றவர்கள் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். இதில் பிழைப்பவர் மிகச் சிலர். உருவிய வாளை ஒருவர் கையில் கொடுப்பதையே நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அம்புகளோடு பள்ளிவாசலுக்குள் வருபவர் அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கூரிய முனையைக் காப்பவனே ஆயுதம் வைத்திருக்கத் தகுதியானவன். எண்ணிக்கை 14 ஆக இருந்தாலும் ஒன்றாக இருந்தாலும் இது பொருந்தும். பெட்டியின் எண்ணை இன்றே மாற்றுங்கள். தோட்டாக்களை வேறோர் இடத்தில் வேறு பூட்டில் வையுங்கள். முடிந்தால் எல்லாவற்றையுமே சில காலம் வீட்டை விட்டு அகற்றி வையுங்கள். மகனை நல்ல மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவனோடு உட்காருவதற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு வேலையைக் கண்டுபிடியுங்கள்.

மிகையானவற்றை என்ன செய்வது என்று கேட்பார். விற்கலாம். ஆனால் குழப்பம் செய்பவரென்று தெரிந்தவருக்கு ஆயுதம் விற்பது மக்ரூஹ் என்று ஹிதாயாவில் இருக்கிறது. அந்த நாட்டில் தனிமனிதர் தனிமனிதருக்கு விற்கும்போது பின்னணி விசாரிக்கும் கட்டாயம் பல மாநிலங்களில் இல்லை. ஆகவே விசாரணை செய்து விற்கும் லைசென்ஸ் பெற்ற வியாபாரி மூலமாகவே கொடுக்க வேண்டும். யுத்த காலத்து ரைபிள்களை அருங்காட்சியகம் ஏற்றுக்கொள்ளுமானால் அங்கே கொடுப்பது இன்னும் நல்லது.

எத்தனை மிஞ்சும் என்று நாம் எண் சொல்லப்போவதில்லை. மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, இது இன்னாருடைய இன்ன தேவைக்கு என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லும்படி எழுதியிருக்கிறோம். சொல்லும்போது குரல் தடுமாறுகிறவற்றைத் தனியே வைக்கட்டும். பதினைந்தாவதை விற்பவர் இந்த மாதக் கடைசி வரைதான் காத்திருப்பாராம். அந்தத் தேதியைக் கடந்துபோக விட்டுவிடும்படியும், மகன் மருத்துவரைப் பார்த்த பிறகு நமக்கு எழுதும்படியும் கேட்டிருக்கிறோம்.