செவிலியும் சம்பளமும்

ஒருவருடைய குழந்தையை இன்னொருவர் சம்பளத்துக்கு வளர்க்கும்பொழுது அங்கு கொடுக்கப்படுவது எது, பெறப்படுவது எது என்ற வினா பார்வைக்கு எளியது. நெல்லை அளந்து கொடுத்து விலை பெறுபவனும், சுவரைக் கட்டி முடித்துக் கூலி பெறுபவனும் தாம் கொடுத்தது இன்னதெனச் சுட்டிக் காட்டலாம். குழந்தையைப் பார்க்கும் ஆயா மாத முடிவில் எதனைச் சுட்டிக் காட்டுவாள்? குழந்தை ஒரு மாதம் வளர்ந்திருக்கிறது, அவ்வளவே. அதனை வளர்த்தவள் அவள் என்றால் பெற்றவளுக்கு மனம் நோகும். அது தானாக வளர்ந்தது என்றால் சம்பளம் எதற்கு என்ற கேள்வி எழும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இருளிலேதான் ஆயாவின் சம்பளம் நெடுங்காலமாகத் தீர்மானிக்கப்பட்டு வந்திருக்கிறது.

தமிழிலக்கியம் பயில்வோருக்குச் செவிலி புதியவள் அல்லள். தலைவி உடன்போக்கிலே சென்ற பின்னர் வெறிச்சோடிய மனையில் நின்று புலம்பும் அவளுடைய துயரம் நற்றாயின் துயரத்துக்குச் சிறிதும் குறைந்ததன்று. தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகள் என வரையறுக்கிறது. இவ்வரையறையை இலக்கண விதியாக மட்டும் படித்துச் செல்வது வழக்கம். ஆயின் சமூக நோக்கிலே பார்க்குமிடத்து அது ஒரு பெரிய செய்தியைச் சொல்கிறது. தலைவியை மடியிலே வைத்திருந்த காலத்தில் செவிலிக்குச் சொந்தமாக ஒரு குழந்தை இருந்தது. அக்குழந்தை தலைவியின் விளையாட்டுத் துணையாகவும் பின்னர் தூதாகவும் காவலாகவும் வளர்ந்தது. தலைவியின் காதலைப் பாடும் செய்யுள்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. தோழியின் சொந்தக் காதலைப் பாடும் செய்யுளைத் தேடிக் காண்பது அரிது. சிலப்பதிகாரத்திலும் வாழ்த்துக் காதையிலே கண்ணகியின் காவற்பெண்டும் அடித்தோழியும் அரற்றுகின்றனர். இவர்களின் அன்பு பொய்யன்று. அந்த அன்புக்கு ஈடாக இவர்கள் உண்டது என்ன, உடுத்தது என்ன, விலகிச் செல்ல விரும்பியிருந்தால் செல்ல முடிந்திருக்குமா என்பவை பற்றி இலக்கியம் வாய் திறப்பதில்லை.

சம்பளம் என்பது பின்னர் வந்தது. ‘ஆயா’ என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. குடியேற்ற ஆட்சி செவிலியைக் கூலியாளாக மாற்றியது. ஆனால் கூலியாளுக்குரிய உரிமைகளை அவளுக்கு வழங்கவில்லை. 1871 ஆம் ஆண்டு இலங்கையில் இயற்றப்பட்ட வீட்டுப் பணியாளர் பதிவுக் கட்டளைச்சட்டம் பணியாளரைப் பதிவு செய்தது. அவரது நடத்தையைக் குறித்து வைக்க ஒரு பதிவேட்டையும் கொடுத்தது. எசமானரின் நடத்தையைக் குறிக்க ஏடு எதுவும் இருக்கவில்லை. 1941 இன் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டம் வந்த பின்னரும் வீட்டு வேலைக்கெனச் சம்பளச் சபை அமையவில்லை. 2016 இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் நிறைவேறியபொழுதும் வீட்டுப் பணியாளர் அதற்குப் புறம்பாகவே வைக்கப்பட்டனர். சட்டம் இயற்றியோர் ஒவ்வொருவர் வீட்டிலும் சமையலறைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை இருந்திருக்கக்கூடும்.

இந்த விலக்குக்கு வழமையாகக் கூறப்படும் நியாயம் ஒன்று உண்டு. அவள் வேலைக்காரி அல்லள், குடும்பத்தில் ஒருத்தி. அவளுடைய அன்புக்கு விலை வைப்பது அவளை அவமதிப்பதாகும் என்பதே அது. இந்நியாயத்தை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அதில் ஓர் உண்மை உண்டு. அவ்வுண்மை காரணமாகவே அது ஆபத்தானது. கான்ற் என்னும் ஜெர்மானியத் தத்துவஞானி 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், விலையுடையவற்றையும் மாண்புடையவற்றையும் வேறுபடுத்தினார். விலையுள்ள பொருளுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்கலாம். மாண்புடையதற்கு ஈடு இல்லை. வேலையில் காட்டும் திறமைக்கும் ஊக்கத்துக்கும் சந்தை விலை உண்டென்றும், வாக்குத் தவறாமை, நெறி வழிப்பட்ட நல்லெண்ணம் ஆகியவை விலைக்கு அப்பாற்பட்டவை என்றும் அவர் கருதினார். ஆயாவின் தொழிலில் இவ்விரண்டும் ஒரே கையில் இருக்கின்றன. பாலைக் காய்ச்சி ஆற்றுவது திறமை. நள்ளிரவில் காய்ச்சலுள்ள குழந்தையை எரிச்சலின்றித் தோளிற் போட்டுக்கொண்டு நடப்பது அதற்கும் மேற்பட்டது. பின்னையதற்கு விலை இல்லை என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதிலிருந்து முன்னையதற்கும் விலை குறைவாக இருக்கவேண்டும் என்ற முடிவு எவ்வாறு பெறப்படுகிறது? மருத்துவரின் கருணைக்கு விலை இல்லை என்பதால் எவரும் அவருடைய கட்டணத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை. விலைமதிப்பற்றது என்ற புகழ்ச்சி, ஏழைப் பெண்ணின் விடயத்தில் மட்டும், மலிவானது என்ற கணக்காக முடிந்துவிடுகிறது.

அன்பை அளக்க முடியாதெனின் சம்பளத்தை எதனால் அளப்பது? அவள் கொடுப்பதைக் கொண்டு அளப்பதைவிட, கொடுப்பதற்காக அவள் இழப்பதைக் கொண்டு அளப்பது பொருத்தமானது. நிலிதா வச்சானி 1990களில் எடுத்த ‘நத்தாருக்கு அம்மா வீடு வரும்போது’ என்ற ஆவணப்படம், கிரேக்க நாட்டிலே ஒரு சிறுமியை வளர்த்துக்கொண்டிருந்த இலங்கைத் தாய் ஒருவரைக் காட்டுகிறது. அவருடைய சொந்தப் பிள்ளைகள் இலங்கையில் அவரில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தனர். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்‌ஷைல்ட் 2000 ஆம் ஆண்டில் இத்தகைய தொடர்பை உலகளாவிய பராமரிப்புச் சங்கிலி எனக் குறிப்பிட்டார். செல்வந்த நாட்டுத் தாய் வேலைக்குச் செல்ல, அவள் குழந்தையை வறிய நாட்டுத் தாய் பார்க்க, இவள் குழந்தையை இன்னும் வறிய ஒருத்தியோ மூத்த மகளோ பார்க்கிறாள்.

இச்சங்கிலியைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. மலையகத்திலே கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் தன் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்கிறாள். அவளுடைய மூத்த மகள், பள்ளியை இடையில் விட்டவள், கொழும்பில் ஒரு மாடிவீட்டிலே பிறர் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறாள். அவளை அங்கே கொண்டுபோய் விட்ட தரகர் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த மனிதர். சம்பளத்தைத் தரகரும் வீட்டுக்காரரும் பேசி முடிக்கின்றனர். அதனைத் தகப்பன் சென்று வாங்குகிறான். வேலை செய்பவள் அதன் தொகையை அறியாமலும் இருக்கலாம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஊதியம் குறைந்துகொண்டே செல்கிறது. கடைசிக் கண்ணியில் நிற்கும் குழந்தையைப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் ஊதியமே இல்லை. அன்பு குறைந்துகொண்டு செல்கிறதா என்பதை அளக்க எவரும் முயன்றதாகத் தெரியவில்லை.

இனி முகவர் பற்றி. தாயும் ஆயாவும் நேரில் சம்பளம் பேசும்பொழுது இருவருக்குமே ஒரு கூச்சம் உண்டு. முகவருக்கு அக்கூச்சம் இல்லை. அவர் குழந்தையைத் தூக்குபவரும் அல்லர், பெற்றவரும் அல்லர். ஆகவே அவரால் விலை சொல்ல முடிகிறது. கொள்கையளவில் இது ஆயாவுக்கு நன்மையாக முடிந்திருக்கலாம். விலையை வெளிப்படையாகச் சொல்லும் ஒருவர் இடையில் இருப்பது, அன்பின் பெயரால் நடைபெறும் குறைப்பைத் தடுக்கும் அல்லவா? நடைமுறை வேறு. முகவரின் ஊதியத்தை யார் கொடுப்பது என்ற இடத்திலேதான் அறப் பிரச்சினை தொடங்குகிறது.

சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1997 ஆம் ஆண்டு 181 ஆம் இலக்கச் சமவாயம், தனியார் வேலைவாய்ப்பு முகவர் நிலையங்கள் தொழிலாளரிடமிருந்து நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் பெறலாகாது என்பதைப் பொது விதியாக வகுத்தது. 2011 இல் வந்த 189 ஆம் இலக்கச் சமவாயமும் முகவர் கட்டணம் வீட்டுப் பணியாளரின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படலாகாது எனக் கூறியது. சிங்கப்பூர் வேறு வழியைத் தேர்ந்தது. அங்கு 2011 இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஒப்பந்த ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற அளவில், இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேற்படாமல், முகவர் பணியாளரிடம் கட்டணம் பெறலாம். இது சட்டம் அனுமதிக்கும் அளவு. எசமானர் முற்பணமாகக் கொடுத்துவிட்டு மாதந்தோறும் கழித்துக்கொள்ளும்பொழுது, முதற் சில மாதங்கள் பணிப்பெண் கடனுக்காகவே உழைக்கிறாள்.

அவ்வாறாயின் முகவருக்குரிய பணத்தை எசமானரே கொடுத்துவிட்டால் பிரச்சினை தீருமா? இலங்கையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்ற பணிப்பெண்களின் அனுபவம் அவ்வாறு எண்ண இடந்தரவில்லை. ஆண்கள் வேலை பெற முகவருக்குப் பணம் கட்டுகின்றனர். பணிப்பெண்ணாகச் செல்லும் பெண்ணுக்கோ புறப்படுமுன் முகவரே பணம் கொடுக்கும் வழக்கம் அண்மைத் தசாப்தங்களிற் பரவியது. அங்குள்ள வீட்டுக்காரர் அந்நாட்டு முகவருக்குக் கொடுக்கும் பெருந்தொகையில் ஒரு பங்கு இலங்கை முகவருக்கும், அதில் ஒரு பங்கு கிராமத்து உப முகவருக்கும், இன்னொரு பங்கு பெண்ணின் குடும்பத்துக்கும் வந்து சேர்கிறது. கடிதத்தில் சமவாயத்தின் விதி மீறப்படவில்லை. ஆனால் பணம் கொடுத்தவர் தாம் எதற்குக் கொடுத்ததாக எண்ணுகிறார்? முகவரின் சேவைக்குக் கொடுத்ததாக அல்ல. பெண்ணுக்குக் கொடுத்ததாகவே எண்ணுகிறார். ‘உன்னைப் பணம் கொடுத்து எடுத்தோம்’ என்ற நினைப்பு, கடவுச்சீட்டைப் பூட்டி வைப்பதற்கும், ஒப்பந்தம் முடியுமுன் ஊர் திரும்பக் கேட்பவளைத் தடுப்பதற்கும் நியாயமாகிறது. அவளுடைய வதிவிட உரிமையையே எசமானரோடு கட்டிவைக்கும் கபாலா முறை அந்நினைப்புக்குச் சட்ட வடிவம் தந்தது. ஆகவே, தொழிலாளி பணம் கொடுக்கலாகாது என்னும் விதி வேண்டியதே எனினும் போதியதன்று. பணம் கொடுத்தவருக்கு எது கிடைக்கவில்லை என்பதையும் ஒப்பந்தம் சொல்லவேண்டும்.

ஓய்வு நாளை விற்கலாமா என்ற கேள்வியும் இதன்பாற்பட்டதே. சிங்கப்பூரில் 2013 முதல் வீட்டுப் பணியாளருக்கு வார ஓய்வு உண்டு. ஆனால் பணம் பெற்றுக்கொண்டு அதனை விட்டுக்கொடுக்கலாம் என்றிருந்தது. 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்துக்கு மாற்றமுடியாது என விதித்தனர். ஒரு நாள் மட்டும் என்பது அற்பமாகத் தோன்றலாம். எனினும், சம்பளத்தால் வாங்கமுடியாத ஒன்று அவளிடம் உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட நாள் அது.

விலை நிர்ணயத்தின் இன்னொரு கூறு வெளிப்படையாகவே நியாயமற்றது. வளைகுடா நாடுகளில் பணிப்பெண்ணின் சம்பளம் நாட்டின் பெயரால் தீர்மானிக்கப்பட்டு வந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் அரசு 2006 இறுதியில் தன் பணிப்பெண்களுக்கு மாதம் 400 டொலர் குறைந்தபட்சச் சம்பளம் என அறிவித்தது. அவ்வாறு பேரம் பேச இயலாத நாடுகளின் பெண்கள் அதே தெருவில், அதே வயதுக் குழந்தையை, அதே இரவுகளில் தாலாட்டிக் குறைவாகப் பெற்றனர். குழந்தையின் அழுகைக்குத் தேசிய இனம் இல்லை. சம்பளப் பட்டியலுக்கு இருந்தது.

முகவரின் பொய்யும் ஆயாவின் பொறுப்பும் எங்கே சந்திக்கும் என்பதற்கு மூதூர் றிஸானா நபீக்கின் வாழ்வு சான்று. 1988 இல் பிறந்த அவர் 1982 இல் பிறந்தவராகக் கடவுச்சீட்டிற் காட்டப்பட்டு 2005 இல் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார். வீட்டு வேலைக்கெனச் சென்றவரிடம் நான்கு மாதக் குழந்தை ஒன்று ஒப்படைக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் அது இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்றார் அவர். கொலை என்றது வழக்கு. 2013 ஜனவரி 9 ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கைக்குழந்தையைப் பார்ப்பது எவர்க்கும் தெரிந்த, பயிற்சி வேண்டாத, ஆகவே மலிவான வேலை என்று அவரை அனுப்பியவர்களும் பெற்றவர்களும் கருதினர். குழந்தை இறந்தபொழுது அதே வேலை உயிரைக் கொடுத்து ஈடுசெய்யவேண்டிய பொறுப்பாக மாறியது. சம்பளம் பேசும்பொழுது ஓர் அளவையும் தண்டனை வழங்கும்பொழுது வேறோர் அளவையும் பயன்படுத்துவதை எந்த நீதியியலும் ஏற்காது.

அதன் பின்னர் இலங்கை அரசு செய்தவை பெண்களின் மீதே விழுந்தன. சவூதிக்குச் செல்லும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயது 25 ஆக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு நடுப்பகுதியில் வந்த சுற்றறிக்கை குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மாரைத் தடுத்தது. குழந்தைக்குத் தாய் வேண்டும் என்பது அதன் நியாயம், மறுக்கத்தக்கதன்று. 2022 இல் நாட்டிலே டொலர் தட்டுப்பாடு முற்றியபொழுது குறைந்தபட்ச வயது 21 ஆயிற்று. ஐந்து என்ற எல்லை இரண்டு ஆயிற்று. மூன்று ஆண்டு காலத் தாயன்பின் பெறுமதி அவ்வாறு அந்நியச் செலாவணியிற் கணிக்கப்பட்டது. பிள்ளைகளை விட்டு வெளிநாடு செல்லும் தந்தையரிடம் அவ்வறிக்கை ஒருபோதும் கேட்கப்பட்டதில்லை.