மூப்பு அழுக்கா?

முகம் கழுவும் திரவம் ஒன்றின் புட்டியில் 'ஆன்ட்டி ஏஜிங்' என்று அச்சிட்டு விற்கும்போது, கூடவே ஒரு தத்துவமும் விற்பனையாகிறது. மூப்பு என்பது வெளியிலிருந்து வந்து தோலில் படிந்த ஒன்று, தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போய்விடும் என்பது அந்தத் தத்துவம். கிரீமும் சீரமும் தோலில் தங்குவதற்காகப் பூசப்படுபவை. ஃபேஸ்வாஷ் அப்படியல்ல, அழுக்கைப் பற்றிக்கொண்டு தானும் போய்விடுவதுதான் அதன் வேலை. அதனால்தான் இந்தப் புட்டியை முன்னால் வைத்துக்கொண்டு கேட்கும்போது கேள்வி கூர்மையாகிறது: மூப்பு அழுக்கா? இல்லை என்பதே என் பதில். அதற்கான முதல் சான்று புட்டியின் பின்பக்கத்திலேயே, பொடி எழுத்தில் இருக்கிறது.

பட்டியலை மேலிருந்து படிப்போம். முதலில் தண்ணீர், 'அக்வா' என்ற பெயரில். அடுத்து சோடியம் லாரெத் சல்ஃபேட், கோகமிடோபுரோபைல் பீட்டெய்ன் போன்ற நுரைப்பொருள்கள். தேங்காய் எண்ணெயிலிருந்தோ பாமாயில் மரத்தின் கொட்டை எண்ணெயிலிருந்தோதான் பெரும்பாலும் இவற்றைச் செய்கிறார்கள். இவற்றின் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒன்று நீரை நாடும், மற்றது எண்ணெயை நாடும். எண்ணெயை நாடும் முனைகள் முகத்துப் பிசுக்கைச் சூழ்ந்துகொள்ள, நீரை நாடும் முனைகள் வெளிப்பக்கம் நிற்க, ஊற்றும் தண்ணீரோடு எல்லாம் சேர்ந்து இறங்கிவிடும். பிறகு ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரின். புட்டியின் பெரும்பகுதி இவ்வளவுதான். ரெட்டினால், பெப்டைடு, வைட்டமின் சி என்று விளம்பரத்தில் முன்னால் நிற்கும் பெயர்கள் பட்டியலில் பெரும்பாலும் பின்னால்தான் வரும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதத்துக்குக் குறைந்தவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். பீனாக்ஸியெத்தனால் என்ற பதப்பொருளை ஐரோப்பாவில் 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆகவே அங்கே அதற்குப் பின்னால் வரும் பெயர் எதுவானாலும் அதன் அளவு 1 சதவீதத்தைத் தாண்டாது. அந்தத் துளியும் முகத்தில் இருப்பது ஒரு நிமிடம். சுருக்கமோ மேல்தோலுக்குக் கீழே, கொலாஜன் இழைகள் குறைந்து தளரும் உள்தோலில் உருவாகிறது. சாலிசிலிக் அமிலம் இறந்த செல்களைச் சற்றே தளர்த்தும். ஈரம் நின்ற தோலில் மெல்லிய கோடுகள் சில மணி நேரம் மங்கித் தெரியும். இந்த அளவுக்கு உண்மை உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை.

மேற்பரப்பைத் தூய்மை செய்வதற்கும் உடலின் அமைப்பை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு சட்டத்துக்கும் தெரியும். இந்தியாவின் 1940ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டத்தின்படி ஒப்பனைப் பொருள் என்பது உடலைத் தூய்மை செய்யவும், அழகுபடுத்தவும், தோற்றத்தை மாற்றவும் பூசப்படுவது. உடலின் அமைப்பை மாற்றுவதாகச் சொல்லிக்கொண்டால் அது மருந்தின் எல்லைக்குள் போய்விடும். அதனால்தான் கவனமாக எழுதப்பட்ட லேபிள், சுருக்கத்தைக் குறைக்கிறது என்று சொல்லாமல், சுருக்கத்தின் தோற்றத்தைக் குறைக்கிறது என்கிறது. நாம் மூப்பு என்று எண்ணுவதில் ஒரு பகுதி மூப்பே அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் ஆழமாகச் சுருங்கித் தடித்திருக்க, வலது கன்னம் பல ஆண்டு இளையதாகத் தெரிந்தது. ஒரே மனிதர், ஒரே வயது; வேறுபாடு வெயிலால் வந்தது. ஆஸ்திரேலியாவில் நாலரை ஆண்டுகள் நடந்த ஆய்வில், நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல், விரும்பியபோது மட்டும் பூசியவர்களின் தோலைவிட 24 சதவீதம் குறைவாகவே முதிர்ந்திருந்தது. வெயிற்காயத்தைத் தடுக்கலாம், தடுப்பதே நல்லது. அதைக் கழித்த பிறகும் மிஞ்சுகிற மூப்பைப் பற்றித்தான் சமயங்கள் பேசுகின்றன.

வைசாலியின் புகழ்பெற்ற கணிகை அம்பபாலி, பிக்குணியான பிறகு தன் முதிய உடலைப் பார்த்துப் பாடிய 19 பாடல்கள் பௌத்த பிக்குணியரின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் உள்ளன. கூந்தல், புருவம், கண், மூக்கு, பல், குரல் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அது அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று பார்க்கிறாள். அதுவும் ஒரு பட்டியல்தான். அதில் அருவருப்பைவிடத் துல்லியமே மேலோங்கி நிற்கிறது. உள்ளதை உள்ளபடி பார்க்கும் பயிற்சி அது. புட்டியின் பின்பக்கத்தைப் பொறுமையாகப் படிப்பதும் அதே பயிற்சியின் சிறு வடிவம் என்றே நான் கருதுகிறேன். சைவ சித்தாந்தம் அழுக்கைப் பற்றி மிகவும் கறாராகப் பேசும் மரபு. செம்பில் களிம்பு போல உயிரை அநாதியாகப் பற்றியிருக்கும் ஆணவம், அதோடு கன்மம், மாயை என்று மும்மலங்களைச் சொல்லும். அந்த வரிசையில் மூப்பு இல்லை. மாயையிலிருந்து வந்த உடலைக்கூட, ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு உதவ இறைவன் தந்த கருவி என்றே அது பார்க்கிறது. வேலை செய்த கருவி தேய்கிறது. அதைக் கறை என்று எண்ணி வெட்கப்பட என்ன இருக்கிறது?

உடலைப் பேணுவதே தவறா என்று கேட்கலாம். தமிழ் மரபில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. திருமூலர் உடலைப் பேணுவதை உயிரைப் பேணுவதாகவே கண்டார். சித்தர்கள் காயகற்பம் தேடினார்கள். ஆனால் அவர்களுக்கு நீண்ட ஆயுள் யோகத்துக்கான அவகாசம், பிறர் கண்ணுக்கு இளமையாகத் தெரிவது அவர்கள் நோக்கமே அல்ல. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வரவேற்பறையிலும் தொலைக்காட்சியிலும் வேலை பார்க்கும் பெண்ணின் சம்பளம் அவள் முகத்தைப் பார்த்து முடிவாகிறது. நிலையாமையைப் போதித்தால் அவள் வீட்டு வாடகையை யார் தருவது? இந்த மறுப்பு நியாயமானது. புட்டி வாங்கும் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மூப்பைக் குற்றமாக்கும் முதலாளியிடமும் விளம்பரத்திடமும்தான் கேள்வி கேட்க வேண்டும். மூப்பு அழுக்கு என்ற கருத்துக்கு அவள்தான் விலை கொடுக்கிறாள்.

உண்மையிலேயே வேலை செய்யும் பொருள் வந்துவிட்டால் என்ன செய்வது? வந்திருக்கிறது. ட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகைப் பொருள், வெயிலில் முதிர்ந்த தோலைச் சீராக்கும் என்று தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனின் குழு 1986இல் எழுதியது. 1995இல் மெல்லிய சுருக்கங்களுக்கான மருந்தாக அமெரிக்கா அதை அனுமதித்தது. இது கழுவிவிடும் ஃபேஸ்வாஷ் அல்ல, மருத்துவர் எழுதித் தரும் பூச்சு. ஆகவே, பலிக்காது என்பதை மட்டும் நம்பி என் வாதம் நிற்கக் கூடாது. மகாபாரதத்தில் சுக்கிராச்சாரியாரின் சாபத்தால் கிழவனான யயாதிக்கு இளமை திரும்பக் கிடைக்கிறது, ஆனால் மகன் பூரு அந்த முதுமையை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆயிரம் ஆண்டு அனுபவித்த பிறகு, அனுபவிப்பதால் ஆசை அடங்காது என்று உணர்ந்து யயாதி அந்த இளமையைத் திருப்பிக் கொடுக்கிறான். ஒருவர் தள்ளிய சுமையை இன்னொருவர் சுமக்கிறார் என்ற அந்தக் கதையின் உண்மை இந்த மருந்தின் வரலாற்றிலும் இருக்கிறது. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கிளிக்மன் கைதிகளின் தோலில் சோதனைகள் நடத்தினார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், கைக்குக் கிடைத்தது சொற்பப் பணம். ட்ரெட்டினாயினின் தொடக்கச் சோதனைகளும் அங்கே நடந்தன. 2022இல்தான் அந்த நகரம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. பலிக்கும் பொருளைப் பற்றியும் இது எங்கிருந்து வந்தது, யார் தோலில் தொடங்கியது என்று கேட்பது அறத்தின் கேள்வி.

இப்போது மூப்பைப் பற்றிய அச்சம் குழந்தைகளிடமும் வந்துவிட்டது. 2024இல் ஸ்வீடனின் பெரிய மருந்துக்கடை நிறுவனம் ஒன்று, அமிலங்களும் வைட்டமின் ஏ வகைகளும் கொண்ட தோல் பராமரிப்புப் பொருள்களை 15 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றி விற்பதில்லை என்று முடிவு செய்தது. சுருக்கமே விழாத வயதில் சுருக்கத்துக்கு எதிரான பொருளைக் கேட்டு வருகிறார்கள். நாலடியாரில் 'இளமை நிலையாமை' என்று தனி அதிகாரமே உண்டு. இளமை போகும், ஆகவே நல்லதை இப்போதே செய் என்று இளையவரிடம் சொல்வது அது. இளமை போகும் என்ற அதே செய்தியை விளம்பரமும் சொல்கிறது, ஆகவே இப்போதே வாங்கு என்று. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தோலுக்கு மென்மையான சோப்பும் வெயிலுக்குச் சன்ஸ்கிரீனும் போதும் என்பதை ஒரு தோல் மருத்துவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்த அச்சத்தைப் பற்றி அவளிடம் பேச வேண்டியவர்கள் வேறு. கோயில் சொற்பொழிவிலும் பள்ளி வகுப்பிலும் அம்பபாலியின் கதையும் யயாதியின் கதையும் அவள் காதுக்கு எட்ட வேண்டும், விளம்பரம் எட்டுவதற்கு முன்பே.